கண்மாய்க்கரைப் பண்ணையை விடுதியாக்கிய எங்கள் அக்கா

அக்காவின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். யார் பெயரை விட்டுவிடுவேனோ, எந்த உறவுமுறையை மாற்றி எழுதிவிடுவேனோ என்று பயந்து பயந்து தள்ளிப்போட்டேன். அச்சகத்துக்காரர் ஆள் மேல் ஆள் அனுப்பிவிட்டார். இனியும் தள்ள முடியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது அலங்காநல்லூருக்கு வடக்கே, கண்மாய்க்கரையில் இருக்கும் எங்கள் மாட்டுப் பண்ணை வீட்டில். தாத்தா கட்டிய வீடு. வீட்டுக்குப் பின்னால் கல்தூண் நட்டு, ஓடு போட்ட நீளமான தொழுவம். ஒரு காலத்தில் ஜல்லிக்கட்டுக் காளை வாங்க வேண்டுமென்றால் கம்பம் வரைக்கும் இருந்து ஆள் வருவார்கள். பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீரோடு ஒரு கிடாரிக் கன்றும் போகும். அந்தக் கன்றின் வழியில் பிறக்கிற காளை எதுவானாலும், ஜல்லிக்கட்டுக்கு முந்தின நாள் இந்தத் தொழுவத்தில் வந்துதான் நிற்க வேண்டும். பெண்ணுக்கு இது பிறந்த வீடு என்றால் அந்த மாட்டுக்கும் பிறந்த வீடுதான். இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அக்காவைச் சோழவந்தானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனிதர். பம்புசெட்டில் கரண்ட் அடித்துப் போய்விட்டார். குழந்தை இல்லை. அக்கா சீராகக் கொண்டுபோன பசுவை ஓட்டிக்கொண்டு நடந்தே திரும்பி வந்தார்கள். அன்று முதல் சாகும் வரை அந்த வீட்டை விட்டு வேறெங்கும் போய் இருந்ததில்லை.

எமர்ஜென்சி முடிந்து சில வருடங்களில் மழை பொய்த்தது. கிணறு வற்றியது. மாடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டினோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. மிஞ்சியது வீடும் தொழுவமும். கண்மாய்க்கரை மண் செங்கல்லுக்கு வாகான மண் என்று பக்கத்துச் சூளைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். கொடுத்துவிட்டால் அக்காவுக்கு இருக்க இடம் இல்லை. வீடே ஏதாவது சம்பாதித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டால் ஒழிய வேறு வழி இல்லை.

அப்போதுதான் அந்தோணி வந்தார். மதுரையில் வெள்ளைக்காரர்களுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டும் கைடு. ஊர்ப்புறத்தில் இரண்டு நாள் தங்க இடம் கேட்கிறார்கள், காலைப் பலகாரமும் கொடுத்தால் போதும், மாதம் தவறாமல் வேனில் அனுப்புகிறேன் என்றார். அக்கா யோசிக்காமல் சரி என்றார்கள். நான்தான் பாம்பு வந்தால் என்ன செய்வது, மூடியில்லாத கிணற்றில் வெள்ளைக்காரர் விழுந்தால் போலீசுக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பினேன். "நீ விழாம இருடா, அது போதும்" என்றார்கள்.

வீட்டில் இருந்த அறைகளுக்கு வெள்ளை அடித்தோம். தொழுவத்தைச் சுவர் வைத்துத் தடுத்து, சிமிண்டுத் தரை போட்டு, அதையும் அறைகளாக்கினோம். கட்டில், கொசுவலை, தண்ணீர்ப் பானை. வாசலில் 'கண்மாய்க்கரை விடுதி' என்று போர்டு. முதலில் வந்தது ஒரு புருசன் பெண்டாட்டி. காலையில் அக்கா சுட்ட பணியாரத்தை அந்த அம்மா கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். பிறகு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கண்மாய்க்கரை என்று எழுதியிருக்கிறதே, தண்ணீரே இல்லையே என்று அந்தோணி மூலமாகக் கேட்டார்.

"கரை இருக்குல்ல? கரையைத்தானப்பா போர்டுல எழுதியிருக்கேன். தண்ணியவா எழுதினேன்?" என்றார்கள் அக்கா. அந்தோணி அதைச் சொன்னதும் அவர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அக்காவும் கூடச் சிரித்தார்கள். அக்கா அப்படிச் சந்தோசமாக இருந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டுப் பார்க்க ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வருவதாக அந்தோணி சொன்னார். "இது மட்டும் நல்லா அமைஞ்சிருச்சுன்னா டூர் கம்பெனிக்காரவுக நம்ம விடுதிய எழுதி வச்சுக்கிருவாங்கக்கா. அப்புறம் நீங்க சூளைக்காரரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்ல" என்றார். எல்லாமே அந்த ஒரு நாளில்தான் நின்றது.

மாட்டுப்பொங்கல் அன்று காலை பஸ்ஸில் இருந்து முதலில் இறங்கியது சின்ன அத்தை வீட்டார். அடுத்த பஸ்ஸில் கம்பத்துச் சொந்தக்காரர்கள். மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வருடா வருடம் வருகிறவர்கள்தான். யாரையும் குறையாகச் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்கு வராமல் எங்கே போவார்கள்? நான்தான் வேன் வருகிற வழியைப் பார்ப்பதும் மிச்சமிருக்கிற அறைகளை எண்ணுவதுமாக இருந்தேன். அக்கா அம்புட்டுப் பேருக்கும் உலை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் உசிலம்பட்டியில் இருந்து பெரிய அத்தை வீட்டுக்காரர் முத்தையா மாமா, காளையோடும் அதைப் பிடிக்க நான்கைந்து ஆட்களோடும் லாரியில் வந்து இறங்கினார். பெரிய அத்தைக்குச் சீராகக் கொடுத்த கன்றின் வழியில் வந்த காளை. நேரே தொழுவத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னத்தா இது? மாட்டுக் கொட்டத்துக்குக் கதவு போட்டுப் பூட்டி வச்சிருக்க?"

"வெளியாளுக தங்குறதுக்கு மாமா. இன்னைக்கு வாராக."

"வெளியாளுக்கு எடமிருக்கு, உன் அத்த மாட்டுக்கு இல்லையாக்கும்? சரி, தெருவுல நிக்கட்டும். ஊர்க்காரன் கேட்டா நான் என்ன சொல்றது, நீயே சொல்லு."

அக்கா காளையின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மடியில் இருந்து சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். "கட்டிலை வெளிய எடுத்துப் போடுடா." குங்குமம் கொண்டுவந்து காளையின் நெற்றியில் வைத்து உள்ளே விட்டார்கள். கொசுவலையை முதல் வேலையாக அது கொம்பில் சுருட்டிக் கிழித்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேன் வந்தது. அந்தோணி ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தபடி ஓடி வந்தார்.

"அக்கா, ரெண்டாம் நம்பர் ரூம்ல மாடு நிக்குதுக்கா!"

திண்டில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாமா, "மாட்டுக் கொட்டத்துல மாடு நிக்காம, மந்திரியா வந்து நிப்பாரு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேனில் வந்தவர்களும் விசயம் புரியாமல் சிரித்தார்கள், காளையைப் போட்டோ எடுத்தார்கள். ஆனால் மற்ற அறைகளிலும் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்ததால் படுக்க இடம் இல்லை. அந்தோணி அவர்களை டவுன் ஓட்டலுக்குத் திருப்பிக்கொண்டு போனார். அக்கா வேன் வரைக்கும் போய், சுட்டு வைத்திருந்த பணியாரத்தைத் தூக்குச்சட்டியோடு கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் மாமாவின் காளை வாடிவாசலைத் தாண்டியதுமே பிடிபட்டது.

அதற்குப் பிறகு வேன் வரவில்லை. அந்தோணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். எப்போதாவது வழி தவறியவர்கள்போல ஓரிருவர் வந்தார்கள். அடுத்த தைக்கு முன்பே, ஐப்பசியில் நான் கேட்டேன்: "அக்கா, இந்த ஒரு வருசம் மட்டும் வர வேணாம்னு எல்லாருக்கும் கார்டு போடட்டுமா?"

"பொங்கலுக்கு வராதீகன்னு பொறந்த வீட்ல இருந்து கார்டு போனா, அதை வாங்குறவ புருசன் முன்னாடி எப்படிரா நிப்பா? நானும் ஒரு வீட்ல வாழ்ந்து பார்த்தவதான். வீடு போனாப் போகட்டும்."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சூளைக்காரருக்குக் கொடுப்பதாக அக்காவே வாய்ச்சொல் கொடுத்தார்கள். போர்டைக் கழற்றிவிட்டோம். கார்த்திகையில் நெஞ்சுவலி என்றார்கள். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். வீட்டுக்குக் கொண்டுபோ என்று அக்காவே சொல்லிவிட்டார்கள். கடைசி நாட்களில் தொழுவத்துச் சுவரை இடித்தாயா, தை வருதே என்று மட்டும் கேட்டார்கள். நான் இடிக்கவில்லை. இடித்துவிட்டேன் என்று சொன்னேன். மறுநாள் காலை அடங்கிவிட்டார்கள்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கொண்டுசென்ற அந்தோணி அவர்களுக்கும், பாடையைத் தோளில் இருந்து இறக்காமல் சுடுகாடு வரை சுமந்த முத்தையா மாமா அவர்களுக்கும், பதினாறு நாளும் சோறாக்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், திதி முடியும் வரை வீட்டைக் கேட்காமல் பொறுத்த சூளைக்காரர் அவர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த வாரம் இடிக்கத் தொடங்குவார்கள் என்று கேள்வி. தை பிறக்க அதிக நாள் இல்லை. இந்த வருடம் நீங்கள் எல்லாரும் எங்கே தங்குவீர்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பரவையில் நான் வாடகைக்குப் பிடித்திருப்பது ஒற்றை அறை. படுக்க இடம் காணாது. ஆனாலும் வராதீர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.