அவள் தோளும் என் சீட்டும்

சர்ச்சில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் பொறாமை, பொறாமை என்று சொல்லிச் சொல்லி எங்கள் பங்குச் சாமியாருக்கே அலுத்துப்போயிருக்கும். யார் மேல் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரே ஆள்தான். என்னோடு சிதம்பரத்தில் பிசியோதெரபி படித்து, ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்து, பிறகு கடலூரில் ஒரே கிளினிக்கில் பக்கத்துக் கட்டிலில் வேலை பார்த்த என் சிநேகிதி. காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் குடும்பம். படிப்பில் எப்போதும் நான்தான் மேலே. ஆனால் கை அவளுக்குத்தான் அமைந்திருந்தது.

எங்கள் தொழிலில் கைதான் எல்லாம். வலிக்கிற இடத்தை அவள் விரல் தானாகவே கண்டுபிடித்துவிடும். நான் சும்மா நின்றுகொண்டிருந்தாலும் நோயாளிகள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். குடிகாடு கிராமத்திலிருந்து முதுகுவலியோடு வந்த ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "நீ அமுக்குனா எலும்பு ஒடையுற மாரி இருக்கும்மா. அது தொட்டா தூக்கம் வருது." எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அன்றிலிருந்து ஒரு வேலை செய்தேன். பக்கவாதம் வந்தவர்களில் கனத்த உடம்புக்காரர்களை, தூக்கி நிறுத்திப் பழக்க வேண்டியவர்களை, எல்லாம் அவள் பக்கம் தள்ளிவிடுவேன். "உன்னத்தானே கேக்குறாங்க, நீயே பாத்துக்கடி மகராசி" என்பேன். அவளும் சிரித்துக்கொண்டே தூக்குவாள்.

சிதம்பரத்திலேயே முதுநிலைப் படிப்புக்கு இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டோம். எனக்கு அது இரண்டாவது முறை. செம்மங்குப்பத்தில் ஃபேக்டரி ஷிஃப்டு வேலை பார்க்கும் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்த வருஷம் கெடச்சா படி. இல்லன்னா மறுபடியும் அடுத்த வருஷம்னு வந்து நிக்காத." இந்த லட்சணத்தில் அவளும் போடுகிறேன் என்றதும் எனக்குப் பகீரென்றது.

"உனக்கெதுக்குடி இப்போ?"

"படிச்சிட்டு காலேஜ்ல பாடம் எடுக்கப் போயிடலாம்னு பாக்குறேன். எத்தினி நாளைக்கித் தூக்கிக்கினே இருக்குறது?"

நான் நம்பவில்லை. எனக்குப் போட்டியாகத்தான் போடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நாங்கள் கேட்ட எலும்பு மூட்டுப் பிரிவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சீட்டு.

எழுத்துத் தேர்வில் நான் முதலில் வந்தேன். அடுத்தது செய்முறை. அதற்கு உண்மையான நோயாளிகளைக் கொண்டுவர மாட்டார்கள். தேர்வு எழுதுகிறவர்களையே பதிவெண் வரிசையில் இரண்டிரண்டு பேராகப் பிரிப்பார்கள். ஒருத்தி நோயாளியாகப் படுக்க வேண்டும், மற்றவள் பரிசோதிக்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். நாங்களோ ஒரே பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பிய புத்திசாலிகள். அடுத்தடுத்த எண். வேறு யாரோடு ஜோடி சேர்ப்பார்கள்?

முதலில் நான் படுத்தேன். முட்டி மடங்காமல் என் காலைத் தூக்கி, எந்த இடத்தில் பின்தொடை இழுக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். நான் வேண்டுமென்றே தொடையை இறுக்கிக்கொண்டேன். ஆமாம், வேண்டுமென்றேதான். கால் பாதியிலேயே நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"இன்னா சாப்ட்ட காலையில?"

"ரெண்டு இட்லி" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கால் ஜம்மென்று மேலே போய்விட்டது! பாழாய்ப்போன கால். "பேஷண்ட் கொஞ்சம் பயந்திருந்தாங்க மேடம், இப்ப சரியாயிடுச்சு" என்று தேர்வாளரிடம் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்தது என் முறை. அவளுடைய வலது தோளைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். கையைத் தூக்கினேன். காது வரைக்கும் போக வேண்டிய கை தோள் உயரத்தைத் தாண்டியதுமே நின்றுவிட்டது. ஓகோ, பழி வாங்குகிறாயா? எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் செய்ததையே அவளும் செய்கிறாள் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. "பேஷண்ட் வேணும்னே புடிச்சு வச்சிருக்காங்க மேடம். தோள்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு இன்னும் அழுத்தித் தள்ளினேன். அவள் சத்தம் போடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது.

தேர்வாளர் எழுந்து வந்து என் கையை விலக்கினார். தோளைத் தொட்டு ஒரே ஒரு தடவை அசைத்துப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா இருக்கும்மா இது?"

"எட்டு மாசமா மேடம்."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான வேல பாக்குறீங்க?" என்று என்னைக் கேட்டார். அவர் அவளைப் பார்த்து, "சேரும்போது டாக்டர் சர்டிஃபிகேட் கேப்பாங்க. கை முழுசாத் தூக்கலன்னா தர மாட்டாங்க, பாத்துக்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளே சொன்னாள். நான் தள்ளிவிட்ட பக்கவாதக்காரர் ஒருவர் நடக்கும்போது சரிந்திருக்கிறார். தாங்கிப் பிடித்தபோது தோள் பிசகியது, பிறகு இறுகிப்போய்விட்டது. மன்னிச்சுக்கடி என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினே இருந்தியே."

பட்டியல் வந்தது. அவள் பெயர் தேர்வாகியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. சேர ஆறு வாரம் இருந்தது. அதற்குள் அவள் கை தூக்கவில்லை என்றால் சீட்டு எனக்குத்தான். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தே மறுநாள் மதியம் வந்து என் கட்டிலில் படுத்தாள்.

"நீயே பாருடி. எனக்கு இப்ப அழுத்தமான கைதான் வேணும்."

ஐந்து வருடத்தில் என் கையைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதையும் இவள்தான் சொல்ல வேண்டுமா?

தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தோளை அழுத்தி அசைப்பேன். நூற்றுப் பத்து டிகிரியில் தொடங்கினோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். இரண்டே வாரத்தில் நூற்று முப்பது. அளந்து பார்க்கும்போது அவள் முகம் மலரும், நான் அளவுகருவியை டிராயரில் போட்டுப் படாரென்று மூடுவேன். அவளுக்கு ஏறுகிற ஒவ்வொரு டிகிரியும் என் சீட்டைத்தானே தள்ளிக்கொண்டு போகிறது?

மூன்றாவது வாரம் நான் அழுத்தவில்லை. கையைத் தோளில் வைத்தேன், அசைத்தேன், அவ்வளவுதான். பக்கத்திலிருந்து யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது. சனிக்கிழமை அளந்தால் அதே நூற்று முப்பது. அந்த ஞாயிறு பூசைக்குப் போனேன், பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. இதைப் பொறாமை என்று சொன்னால் போதுமா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் சட்டையைச் சரிசெய்தபடியே சொன்னாள்: "பாண்டிச்சேரில ஒரு சார் இருக்காராம்டி. தோளுன்னா அவருதான்னு சொல்றாங்க. ஒரு நட போய்ப் பாக்கட்டுமா?"

அவ்வளவுதான், எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. எவனோ ஒருவன் வந்து, நான் உயர்த்தாத கையை உயர்த்திவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போவானா? "பேசாம படுடி" என்று சொல்லி அழுத்தினேன் பாருங்கள், அவள் அலறிய அலறலில் அடுத்த அறையிலிருந்து டாக்டரே ஓடிவந்தார். அன்றிலிருந்து ஒருநாள்கூட நான் கையைத் தளர்த்தவில்லை. ஆறாவது வாரம் நூற்று அறுபத்தைந்து, கை காதருகே வந்துவிட்டது. டாக்டர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். என் சீட்டு போயிற்று.

அவள் கிளம்பிய காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூடப் போனேன். சிதம்பரம் பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு குனிந்து என்னைப் பார்த்தாள்.

"மூணாவது வாரம் நீ அமுக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும்டி."

"அப்புறம் ஏன்டி தெனம் வந்து படுத்த?" என்றேன்.

"ஒரு வாரத்துல அந்தத் திருட்டுத்தனத்த நிறுத்திக்கினியே! உன் இடத்துல நான் இருந்தா மொத நாளே தோளத் தொட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

பஸ் நகர்ந்தது. பொய் சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் கட்டிலில் நான் படுத்திருந்தால் முதல் நாளிலிருந்தே முழுசாக அழுத்தியிருப்பாள், எனக்குத் தெரியும். சீட்டு போனதுகூட ஆறிவிட்டது, இதுதான் இன்றைக்கும் எரிகிறது.