எனக்கு முன்னால் கேட்டுப் போனவர்

இது நடந்த கதை. நம்பாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய்க் கதை சொல்கிறவர்களை எனக்கே பிடிக்காது. நள்ளிரவு பன்னிரண்டு மணி, நாய் ஊளை, மல்லிகை வாசம், வெள்ளைச் சேலை... எல்லோரும் ஒரே கடையில் மொத்தமாக வாங்கி வந்ததுபோல் இருக்கும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தேன், கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். கீழே வரும் நேரங்கள் எல்லாம் அன்றைக்கே குறித்துவைத்தவை.

பதினாறு வருஷம் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவள் நான். நம்பர் இல்லாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே விட்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'பாவம், ஏதோ பயந்த பொம்பளை' என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். எதையும் தடபுடலாக ஆரம்பிப்பார், பாதியில் விடுவார். மீன் தொட்டி, மாடித் தோட்டம், கிதார் என்று வரிசையாகப் போய், கடைசியில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் வந்து நின்றார். ஏதோ ஒரு பள்ளி கழித்துப் போட்ட கிழட்டு வண்டி. இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு அதை ஓடும் வீடாக மாற்றினார். உள்ளே சோபா, அடுப்பு மேடை, கூரையில் நட்சத்திர விளக்கு. ஜன்னல் திரைக்கு நிறம் தேர்ந்தெடுக்க மட்டும் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க அந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மலைக்குக் கிளம்புவதாகத் திட்டம். நாங்கள் இருவர், பெண்கள் இருவர். பெரியவளுக்குப் பதினாலு வயது, சின்னவளுக்கு ஒன்பது. எனக்கு மனசு கேட்காமல் வண்டியில் ஏறி, பிரேக்கை மிதித்துப் பிடித்தேன். பெடல் நிற்கவில்லை. காலுக்குக் கீழே மெல்ல... மெல்ல... உள்ளே போய்த் தரையைத் தொட்டது.

"மாஸ்டர் சிலிண்டர் போச்சு," என்றேன். மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பிரேக் உறுப்பு அது.

"அதுக்கென்ன? மெதுவாப் போனாப் போச்சு."

"மெதுவா உருண்டா அடிபடாதா?"

நானே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். டிரைவர் கால் வைக்கும் தளத்துக்கு நேர் கீழே அது இருந்தது. போல்ட் போடும் காது ஒன்று எப்போதோ உடைந்து, பித்தளையில் ஒட்டியிருந்தார்கள். எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ, மகா அசிங்கம். அதன் மேல் பொறித்திருந்த நம்பரைக் குறித்துக்கொண்டேன். கழற்றவில்லை. கழற்றினால் இருக்கிற கொஞ்சநஞ்ச பிரேக்கும் போய்விடும். எங்கள் வீடு சரிவான தெருவின் உச்சியில் இருக்கிறது. தெரு போய் முட்டுவது லாரிகள் ஓடும் பெரிய சாலையில். அதனால் முன் சக்கரங்களுக்கு இரண்டு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, "இதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தேன். பெரிதாகத் தலையாட்டினார்.

முதல் உதிரிபாகக் கடை. மதியம் 1.10. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் முதலாளி பல் குத்திக்கொண்டிருந்தார். நான் நம்பரைச் சொல்லச் சொல்ல அவர் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"சார் வரலைங்களா?"

"எந்த சார்?"

"இல்ல... லேடீஸ் வந்து மாஸ்டர் சிலிண்டர் கேக்கறீங்களே..."

இந்த மேதாவிக்கு மாஸ்டர் சிலிண்டருக்கும் காஸ் சிலிண்டருக்கும் வித்தியாசம் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். நம்பரைக் காகிதத்தில் எழுதி நீட்டினேன். பார்த்ததும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"அட, இதேதான் இப்ப உங்க டிரைவர் வந்து கேட்டாரு. இல்லன்னு சொல்லி அனுப்பினேனே."

"எங்களுக்கு டிரைவர் கிடையாது."

"பழைய ஸ்கூல் பஸ்தானே? அப்ப உங்க ஆளுதான்."

விவாதம் பண்ண எனக்கு நேரமில்லை. ஊரில் எத்தனையோ ஓட்டை வண்டிகள், அதில் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடை. 1.55. நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியை மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார் ஒருவர். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. நம்பரைக் கேட்டதும் சலித்துக்கொண்டார்.

"உங்க ஆளு வந்து கால் மணி நேரம்தான் ஆச்சு. அவராவது சாம்பிளோட வந்தாரு, நீங்க வெறுங்கையோட வந்திருக்கீங்க."

"என்ன சாம்பிள்?"

"பழசைக் கழட்டிக் கொண்டாந்தாரேம்மா. ஒரு காது உடைஞ்சு, பித்தளையில ஒட்டினது."

காது விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடை வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னேன். வீட்டுக்காரர் முனகிக்கொண்டே குனிந்தார்.

"இருக்கு. பித்தளை ஒட்டு பளிச்சுனு தெரியுது. யாரும் கழட்டல. எதுக்குக் கேக்கற?"

நேரம் 1.58. திரும்பவும் உள்ளே போனேன்.

"ஆள் எப்படி இருந்தாரு?"

"காக்கிச் சட்டை. ரொம்ப அவசரப்பட்டாரு. மூணு நாப்பதுக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும், அதுக்குள்ள மாட்டணும்னாரு."

"லீவு விட்டுப் பத்து நாள் ஆச்சே!"

"நானும் அதான் சொன்னேன். காதுலயே வாங்கல."

அப்போதும் எனக்குப் பேய் என்ற நினைப்பே வரவில்லை. என் வீட்டுக்காரரைவிடப் பெரிய அசடு ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான் என்றுதான் தோன்றியது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மூன்றாவதாகப் போனது கடை இல்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடம். 2.40. அதன் சொந்தக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி, எழுந்திருக்கும் உத்தேசமே இல்லாமல் கையை மட்டும் காட்டினார்.

"கடைசி வரிசைம்மா. உங்க டிரைவர் உள்ளதான் கழட்டிட்டு இருக்காரு. போய்ப் பாருங்க."

இந்த முறை நான் மறுக்கவில்லை. ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று உள்ளே நடந்தேன்.

இரண்டு பக்கமும் கண்ணாடி இல்லாத பஸ்கள். வெயில் சுட்டது. கடைசி வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

டக்... டக்... டக்...

ஸ்பேனர் சத்தம். மஞ்சள் பஸ் ஒன்று சக்கரமில்லாமல் கற்களின் மேல் நின்றது. அடியிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. செருப்பில்லாத பாதங்கள்.

"யாருங்க அது?"

சத்தம் நின்றது.

வழியில் உடைந்த கண்ணாடி கிடந்தது. அதைத் தாண்டக் கீழே பார்த்தேன். ஒரு நொடி. நிமிர்ந்தபோது பாதங்கள் இல்லை.

அந்த இடத்தில் ஒரு பழைய செய்தித்தாள். அதன் மேல் மாஸ்டர் சிலிண்டர். துடைத்துச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் போல்ட்டுகள் வாஷரோடு வரிசையாக அடுக்கியிருந்தன. நம்பரைப் பார்த்தேன். நான் தேடிய நம்பர்தான்.

குனிந்து பஸ்ஸுக்கு அடியில் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. ஒரு புல்கூட மடங்கியிருக்கவில்லை.

சிலிண்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஓடி வந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஓடித்தான் வந்தேன்.

"அவர் எந்தப் பக்கமா வெளிய போனாரு?"

"வெளிய வரலையேம்மா. இருக்கிறது இந்த ஒரே வழிதான்."

3.31. பாதி வழியில் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"நீ அனுப்பின ஆளு வந்துட்டாரு. வண்டிக்கு அடியில படுத்திருக்காரு. என்னை பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொல்றாரு."

அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. அடியிலிருந்து வரும் குரல்.

"விட்டு மிதிங்க... பிடிங்க..."

"நான் யாரையும் அனுப்பல. பொண்ணுங்க எங்க?"

"வண்டிக்குள்ளதான், சாமான் அடுக்கறாங்க."

"கட்டை இருக்கா?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"கட்டை இருக்கான்னு கேட்டேன்!"

"சின்னவளுக்கு ஏற எட்டலை... வண்டி வாசல்ல படியாப் போட்டேன்."

"ஹேண்ட் பிரேக்?"

"அது போன மாசத்துலேருந்தே பிடிக்கறதில்ல. உன்கிட்ட சொன்னா திட்டுவியேன்னு..."

போன் கையிலிருந்து விழும் சத்தம். அவ்வளவுதான்.

3.38. தெரு உச்சி.

வண்டி நான் விட்ட இடத்தில் இல்லை. மூன்றடி முன்னால் வந்திருந்தது. மூக்கு சரிவைப் பார்த்து நின்றது. பின் ஜன்னலில் என் பெண்கள் இருவரும் பாட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் டிரைவர் சீட்டில். முகமெல்லாம் வேர்வை.

"மிதிங்க..."

குரல் தெளிவாகக் கேட்டது. அவர் காலுக்கு நேர் கீழே.

குனிந்து பார்த்தேன்.

அந்தப் பக்கத்து வெயில் தெரிந்தது. எதிர் வீட்டுச் சுவர் தெரிந்தது. பித்தளைக் காது தெரிந்தது.

ஆள் இல்லை.

"பிடிங்க..."

யாருமில்லாத அந்த இடத்திலிருந்துதான் வந்தது.

கிர்ர்ர்... வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது.

"விட்டு மிதிங்க! பிடிங்க!"

நின்றது.

"கால் மரத்துப் போச்சு," என்றார் வீட்டுக்காரர். "எடுத்துக்கவா?"

"எடுக்காதீங்க!"

நான்தான் கத்தினேன். ஆனால் இரண்டு குரல் கேட்டது.

வண்டி வாசலுக்குப் பாய்ந்து, படியாகக் கிடந்த கட்டைகளை உருவினேன். ஒன்று வலது சக்கரத்துக்கு. ஒன்று இடதுக்கு. கையிலிருந்த சிலிண்டராலேயே அடித்து இறுக்கினேன்.

டொக்.

டொக்.

வண்டி கட்டையில் சாய்ந்து முனகியது... நின்றது.

அடியிலிருந்து, ரொம்ப மெதுவாக...

"போதும்மா."

மணி பார்த்தேன்.

3.40.

பெண்களைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கிய பிறகுதான் வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்தது. எனக்குப் போன் போடுவதற்குச் சற்று முன், சின்னவள் கியர் கம்பியைப் பிடித்து விளையாடியதில் கியர் நழுவியிருக்கிறது. வண்டி உருள ஆரம்பித்ததும் அடியிலிருந்து யாரோ "ஏறி மிதிங்க" என்று கத்தியிருக்கிறார்கள். இவர் ஏறி மிதித்திருக்கிறார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இந்த மனுஷன் பாதியில் விடாத ஒரே காரியம் அதுதான். அதற்கும் இன்னொருவர் அடியில் படுத்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் நாங்கள் மலைக்குப் போகவில்லை. வண்டியை விற்ற பள்ளியின் மேலாளருக்குப் போன் போட்டேன். விற்கும்போது 'தங்கமான வண்டி, ஒரு குறை சொல்ல முடியாது' என்று தேன் ஒழுகப் பேசிய ஆசாமி. டிரைவர் பற்றிக் கேட்டதும் அப்படி யாரும் இல்லை என்றார். விபத்து ஏதாவது நடந்ததா என்றேன். அதுவும் இல்லை என்றார். பொய் சொல்வதிலாவது கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் வேண்டாமா? நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். குரலைப் பற்றிச் சொன்னபோது அவருடைய மூச்சு மாறியது.

"ஏழு வருஷம் ஆச்சு," என்றார் கடைசியில். "டிரைவர் ஒருத்தன் இருந்தான். பிரேக் சரியில்ல, வண்டியை எடுக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். மதியம் முழுக்கப் பழசைக் கையில தூக்கிட்டுக் கடை கடையா அலைஞ்சான். எங்கயும் கிடைக்கல. பள்ளிக்கூடம் விடற நேரம், நான் சத்தம் போட்டேன். பழசையே திரும்ப மாட்டினான். எங்க ஒழுகுதுன்னு பாக்கறேன், ஒருத்தர் மிதிச்சுப் பிடிங்கன்னு சொல்லிட்டு அடியில படுத்தான்."

"கட்டை வைக்கலையா?"

"வைக்க மறந்துட்டான்னுதான் போலீஸ்ல எழுதிக் கொடுத்தோம்."

எழுதிக் கொடுத்தார்களாம். செத்தவன் வந்து இல்லை என்று சொல்லப் போகிறானா என்ன?

"மிதிச்சது யாரு?" என்று கேட்டேன்.

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நேரம் மிதிச்சுட்டு இருந்தாரு?"

"ஒன்பது நிமிஷம்."

"நான் ஒரு நிமிஷம்கூட இருக்கலம்மா. போன் வந்துச்சு. பேசறதுக்காக இறங்கினேன்... வண்டி அவன் மேல ஏறி நின்ன பிறகும், அடியிலேருந்து 'பிடிங்க, பிடிங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நான் பேசி முடிக்கற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தான்."