ஒன்பதாம் இலக்கத்துக்குப் புள்ளடி

அவ எனக்கு நொர்ஸ்க் பாஷை படிப்பிக்க வருகிற மனுசி இல்லைப் பிள்ளை. யார் உனக்கு அப்படிச் சொன்னது, கீழ்வீட்டு யோகமோ? யோகம் சொல்லுவா. போன மாதம் அவதான், எங்கள் வீட்டுக்கு யாரோ சமூகநல அலுவலர் விசாரணைக்கு வந்து போவதாகவும் சொல்லித் திரிந்தவ. அந்த மஞ்சள் ஜக்கெற் போட்ட மனுசியின் பெயர் இங்கர். எங்கள் பகுதிச் சபையின் உறுப்பினர். அவவைத் தேர்தலில் வெல்ல வைத்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். அதுவும் என் மனுசனைத் தோற்கடித்து.

திறந்த வாயை மூடு, தேத்தண்ணி ஆறுகிறது. நீ இந்த ரொம்மனுக்குக் குடிவந்து மூன்று மாதம்தானே, உனக்கு இது ஒன்றும் தெரியாது. முதலில் இருந்து சொல்கிறேன்.

என் மனுசன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டினவர். பென்சன் எடுத்த முதல் மாரியில் அந்தா, அந்த ஜன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் பஸ் வளைந்து திரும்புவது தெரியும். "ரண்டு நிமிசம் பிந்திப் போறான்" என்பார். அடுத்த பஸ் வரும். "இவன் முந்திப் போறான்" என்பார். சவரம் இல்லை. சேர்ட் இல்லை, ஒரு பழைய சுவெட்டர். பேரப்பிள்ளைகள் வந்து கழுத்தில் தொங்கினாலும் கண் பஸ்ஸில்தான். எனக்குப் பயம் பிடித்தது. இந்த மனுசனை நான் இப்படியே ஜன்னலுக்குக் கொடுத்துவிடுவேனோ என்று.

அந்த நேரத்தில்தான் அவருடைய கட்சிக்காரர் வந்து பகுதிச் சபைத் தேர்தலுக்குக் கேட்டார்கள். நின்றார், வென்றார். நாலு வருசம் அவர் வேறு ஆள். வியாழக்கிழமைக் கூட்டம் என்றால் காலையிலேயே சவரம், மினுக்கின சேர்ட், கையில் கடதாசிக் கட்டு. நீ ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்கு இறங்குகிற சரிவிலே ஒரு இரும்புக் கைபிடி இருக்கிறதே, ஐஸ் நாளில் அதைப் பிடித்துக்கொண்டுதானே போகிறாய்? அது அவர் கேட்டுக் கேட்டுப் போட வைத்தது. நான் அதைப் பிடிக்கும்போது அவருடைய கையைப் பிடிக்கிற மாதிரித்தான்.

ஆகவே இரண்டாம் தரம் அவர் நிற்கப் போகிறார் என்றதும், வேட்பாளரை விட எனக்குத்தான் நித்திரை போனது. தோற்றால் அந்த ஜன்னல் காத்திருக்கிறது.

இந்தத் தேர்தலின் சங்கதி இப்படி. கட்சிப் பட்டியலில் மேலே நிற்கிற நாலு பேருக்கு இடம் கிடைப்பது உறுதி மாதிரி. எங்கள் கட்சிக்குக் கிடைக்கக்கூடிய ஐந்தாவது கதிரை ஒன்றுதான் மிச்சம். சனம் யாருடைய பெயருக்கு நேரே கூடப் புள்ளடி போடுகிறதோ, கதிரை அவருக்கு. என் மனுசன் பட்டியலில் ஒன்பதாவது. எங்கள் சனம் திரண்டு புள்ளடி போட்டால் ஏறிவிடுவார்.

வேட்பாளரின் பெண்சாதிக்கு என்ன வேலை என்று கேட்கிறாயோ? முதலாவது வேலை வாஃபில், இந்த நாட்டு இனிப்பு அப்பம். கடைத்தொகுதி வாசலில் கட்சி ஒரு ஸ்டாண்ட் போடும். நான் அங்கே நின்று வாஃபில் சுடுவேன். சனம் கொள்கைக்கு நிற்காது, வாஃபிலுக்கு நிற்கும். அது வேகிற நேரத்துக்குள் என் மனுசன் கைபிடிக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார். நான் ஏலக்காய் கொஞ்சம் கூடப் போடுவேன், வாசனைக்கு எதிர்க்கட்சி ஸ்டாண்டில் நின்றவர்களும் வந்தார்கள். இரண்டாவது வேலை, எங்கள் சனத்திடம் போவது. அதில்தான் நான் பெரிய விண்ணி, கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, அது உனக்குத் தெரியும். இலக்கம் தெரியும். இஞ்சை ஹோட்டலில் அத்தனை வருசம் அறை துப்புரவாக்கினேன், இலக்கம் ஒன்றை வைத்துத்தான். அறை இலக்கம் தெரிந்தால் போதும், உள்ளே படுத்திருப்பவர் மந்திரியோ மாலுமியோ, எனக்கென்ன? ஊரிலும் அப்படித்தானே வாக்குப் போட்டோம். கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு விருப்பு வாக்குக்கு ஆளின் இலக்கம். ஆகவே நானும் கோயிலில், கலியாண வீட்டில், சாமத்திய வீட்டில், தேபான என்கிற நிலக்கீழ் ரயிலில் என்று போகிற இடமெல்லாம் இரண்டு கையையும் தூக்கி, ஒரு கட்டைவிரலை மடக்கிக் காட்டினேன். ஒன்பது.

என் மனுசனுக்கு அது பிடிக்கவில்லை.

"இஞ்சேரும், இது யாழ்ப்பாணமில்லை. இஞ்சை பேரைப் பாத்துத்தான் போடுறது. இலக்கத்தைக் காவிக்கொண்டு திரியாதையும்."

"உங்கடை பேரை ஆர் வாசிக்கிறது? வாசிக்கத் தெரிஞ்சவைக்கே மூச்சு முட்டும்."

உண்மைதானே பிள்ளை. ஊருக்கெல்லாம் அவர் ராசன் அண்ணை. நோர்வேக்காரருக்கு நாதன். வாக்குச்சீட்டில் மட்டும் வைத்தியநாதபிள்ளை சிவப்பிரகாசநாதன். மன்னார் மேரி அக்கா தங்களுடைய தமிழ்ப் பூசை முடிந்த பிறகு தேவாலய வாசலில் என்னை மறித்துக் கேட்டா:

"ராசன் அண்ணைக்கு உண்மையான பேர் என்ன புஷ்பம்?"

"அது எனக்கே கலியாண எழுத்தண்டுதான் தெரிஞ்சது. நீங்கள் ஒம்பதுக்குப் போடுங்கோ."

அவவும் சிரித்து, கட்டைவிரலை மடக்கிக் காட்டினா. ஆடி மாதத்துக்குள் அது ஒரு பகிடியாகிவிட்டது. தேபான நிலையத்தில் நான் இந்தப் பக்க மேடையில் நிற்க, எதிர்ப்பக்க மேடையில் நிற்கிற முகம் தெரியாத பிள்ளைகளும் ஒன்பது விரலைக் காட்டுவார்கள். எனக்குப் புளுகம் தாங்கவில்லை. நடக்கும்போது காலே நிலத்தில் முட்டவில்லை.

முற்கூட்டியே வாக்குப் போடுகிற நாட்கள் ஆவணியில் தொடங்கின. ஒரு கிழமை கழித்து நானும் போனேன். மறைப்புக்குள் நின்று சீட்டை விரித்தேன். என் மனுசனின் பெயரை வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதன் உருவம் எனக்குத் தெரியும். மற்றப் பெயர்களெல்லாம் பாதியில் நிற்க, அது மட்டும் சரக்கு ரயில் மாதிரி ஓடும். சீட்டின் முதல் வரியில் இருந்து விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது வரியில் ஒரு நெருப்புக்குச்சி கிடந்தது. அவ்வளவு சின்னப் பெயர். சரக்கு ரயில் அதற்கு மேலே, எட்டில் நின்றது.

திரும்பவும் எண்ணினேன். மூன்றாம் தரமும் எண்ணினேன். எட்டு.

ரயிலுக்கு நேரே என் புள்ளடியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். என் மனுசன் வாசலில் நின்றார்.

"போட்டாச்சோ?"

"ஓம்."

"பிறகேன் முகம் இப்பிடி வேர்க்குது?"

"ஜக்கெற்."

ஆவணி வெய்யில், நான் ஜக்கெற்றே போடவில்லை. அவர் கவனிக்கவில்லை. நடக்கும்போது மெல்லமாகக் கேட்டேன், ஒன்பதாவதாக யார் என்று.

"அது இங்கர். நூலகத்தில வேலை செய்து பென்சன் எடுத்த மனிசி. பட்டியலை நிரப்ப ஒரு பேர் வேணுமெண்டு கேட்க, ஓமெண்டவ. மேல நிண்ட ஒராள் பேர்கன் பக்கம் குடிபோயிட்டார், அதால எல்லாரும் ஒவ்வொரு படி ஏறினவை. நான் இப்ப எட்டு. உமக்குச் சொன்னனான்தானே?"

சொல்லியிருப்பார். நான் அப்போது வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டு நின்றிருப்பேன். கிரைண்டர் சத்தத்தில் அரசியல் கேட்குமோ?

அவரிடம் வாய் திறக்கவில்லை. இலக்கத்தைக் காவாதே என்று அவர் சொல்லியும் காவினவள் நான். இதைச் சொன்னால் மனுசன் அன்றைக்கே கதிரையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போய்விடுவார். தேர்தல் நாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஒன்பதை நானே எட்டாக்கி விடுகிறேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் இருந்ததே இல்லைப் பிள்ளை. காலையில் ஸ்டோவ்னர், மத்தியானம் கோயில், பின்னேரம் யாருடையதோ பிறந்தநாள். தேபான ரயிலில் ஏறுவேன், தெரிந்த முகம் கண்டால் நடுவழியில் இறங்குவேன். இந்த முறை இரண்டு கட்டைவிரலையும் மடக்கிக் காட்டினேன். எட்டு. கடைக்காரத் தம்பி கேட்டான்:

"என்னக்கா, போன மாசம் ஒம்பது, இண்டைக்கு எட்டு. நாளைக்கு ஏழோ? ஏலமே கூறுறியள்?"

இந்தியாவில் இருந்து வந்த கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளை ஒருவன், நல்ல மரியாதையானவன். அவன் கையைப் பிசைந்தான்.

"ஐயோ ஆன்ட்டி, நான் முந்தாநாளே ஒன்பதுக்கு டிக் பண்ணிட்டேனே. நீங்கதானே கையைக் காமிச்சீங்க? எங்க ரூம்ல எல்லாரும் போட்டுட்டோம்."

போட்ட வாக்கைத் திருப்பி எடுக்க முடியாது. அவன் என்ன செய்வான் பாவம். மேரி அக்கா இன்னும் விசேஷம்.

"நீ ஒருக்கா ஒம்பதெண்டாய், ஒருக்கா எட்டெண்டாய். நான் ரண்டுக்கும் போட்டுவிட்டன். எது உன்ரை மனுசனோ, அதை எடுத்துக்கொள்."

அப்படி இரண்டுக்கும் போட்டவர்கள் எத்தனை பேரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் ஓடினேன். என் மனுசன் பார்த்து, "உமக்கு என்னைவிட அரசியல் ஆசை கூடிப்போச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது.

தேர்தல் முடிந்து, ஆளாளுக்கு விழுந்த புள்ளடியை எண்ணி முடித்து ஒரு காலையில் கட்சியிலிருந்து போன் வந்தது. அவர் "யா, யா" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஐஞ்சாவது கதிரை இங்கருக்கு. நான் முதலாவது வாரா."

வாரா என்றால் பதில் ஆள். உறுப்பினர் வராத நாளில் கூப்பிடுவார்கள்.

"எனக்கு விளங்கேல்லை. அந்த மனிசி ஒரு நாள்கூட ஸ்டாண்டுக்கு வரேல்லை. ஒரு துண்டுப்பிரசுரம் குடுக்கேல்லை. இவ்வளவு புள்ளடி எங்காலை வந்தது?"

நான் இரண்டு கையையும் தூக்கி, ஒரு கட்டைவிரலை மடக்கினேன்.

அவர் அந்த ஒன்பது விரலையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எழும்பிப் போய்க் கதிரையை ஜன்னலுக்குத் திருப்பினார். அன்றைக்குச் சவரம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பஸ் பிந்திப் போனது, முந்திப் போனது, அவர் அதைக்கூடச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏசுவார் ஏசுவார் என்று குசினிக்கும் ஹோலுக்கும் நடந்து கால் வீங்கினதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. வாசலில் மஞ்சள் ஜக்கெற், கையில் அப்பிள் கேக். இங்கர். உள்ளே வந்து உட்கார்ந்து, கண் கலங்கி ஏதோ நீளமாகக் கதைத்தா. என் மனுசன் எனக்குச் சொன்னார்:

"தமிழ்ச்சனம் தனக்குப் போட்டதெண்டு கட்சியில சொன்னவையாம். நான்தான் பெருந்தன்மையா என்ரை ஆக்களுக்குச் சொல்லிப் போடுவிச்சனான் எண்டு நினைக்கிறா. நன்றி சொல்ல வந்திருக்கிறா."

என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு அதைவிட நல்ல நேரம் வராது. பெரிய மனிதனாக நடித்துவிடவும் வராது. அவர் இரண்டும் செய்யவில்லை. என் பக்கம் கையைக் காட்டி, "எல்லாம் இவவின் வேலை" என்று நொர்ஸ்கில் சொன்னார். பிறகு நான் அவரிடம் ஒப்புக்கொண்டிருந்த எட்டு, ஒன்பது, கிரைண்டர் எல்லாம் ஒளிக்காமல் சொன்னார்.

இங்கர் வாயைப் பொத்தினா. கோபிக்கப் போகிறா என்று நினைத்தேன். அவ கேக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, எந்த விரலை மடக்குவது என்று என்னைக் கேட்டா. நான் போய் அவவுடைய கட்டைவிரலை மடக்கிவிட்டேன். அப்போதுதான் என் மனுசன் சிரித்தார். வாக்கு எண்ணின நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. தாடி மயிரெல்லாம் குலுங்கியது.

பிறகுதான் தெரிந்தது, அவவுக்குக் கூட்டத்தில் எழும்பிக் கதைக்கப் பயமாம். ஆகவே வியாழக்கிழமைகளில் கூட்டத்துக்கு முன்னர் இஞ்சை வருகிறா. கடதாசியை அவ வாசிப்பா, இவர் என்ன கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார், நான் தோசை போடுவேன். யோகத்திடம் போய்ச் சொல்லு, யாரும் யாரையும் விசாரிக்க வரவில்லை என்று.

நீயும் இப்போது பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துக்கு நிற்கப் போகிறாயாமே, ஆகவே சொல்கிறேன். இலக்கம் அறைக்கதவுக்குச் சரி. ஆளுக்குப் பெயரைச் சொல்லு, எவ்வளவு நீளமென்றாலும் முழுதாகச் சொல்லு. அச்சடித்த சீட்டைக் கண்ணால் காணும் வரை வாயைத் திறக்காதே. வேட்பாளர் வீட்டில் கதைக்கும்போது கிரைண்டரைப் போடாதே.

இன்றைக்கும் வியாழன்தான். இங்கர் வரவில்லை, தடிமனாம், ஆகவே கூட்டத்துக்கு வாராவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போன தரம் அந்தச் சரிவுக்கு லைற் போடுகிற விசயம் வந்த அன்றைக்கும் அவவுக்குத் தடிமன்தான். இன்றைக்கும் அதே விசயம் கூட்டத்துக்கு வருகிறதாம். நேற்றுத்தான் கடையில் கண்டேன், நல்ல சுகமாக நின்று ஒன்பது விரலைக் காட்டினா. அந்தத் தடிமனைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் கேளாதே.

அந்தச் சத்தம் கேட்கிறதோ, குளியலறையில்? சவரம். எழும்பு பிள்ளை, அந்தக் கதிரையைக் கொஞ்சம் தள்ளு, அயன் சூடாகிவிட்டது, அவருடைய நீலச் சேர்ட்டை மினுக்க வேணும்.