வேலிக்கு இரண்டு பக்கமும் காய்த்த கொடி

மாணிக்கம் அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் அவருடைய வெள்ளரிக்காயைத்தான் பறித்துக்கொண்டிருந்தேன். திருட்டு இல்லை, அவர் சொல்லிவிட்டுப் போன வேலை. ஈப்போ மருத்துவமனையிலிருந்து அவருடைய மகன் சுரேஷ் கைப்பேசியில் அழைத்தான். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு," என்றான். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் பனி காயாத வெள்ளரிக்காய். சரோஜா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமலே அழத் தொடங்கினாள்.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் மனைவி சரோஜாவின் அக்கா கமலாவை மணந்தவர் அவர். எனக்குச் சகலை. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அங்கேயே பால்மரம் வெட்டுபவர்களை மேய்க்கும் தண்டலாக உயர்ந்தவர். தோட்டம் கைமாறியதும் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் காவலராகச் சேர்ந்து, அதிலிருந்து ஓய்வு பெற்றார். குரல் கணீரென்று இருக்கும். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. நான் அஞ்சலகத்தில் முப்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன். சத்தமில்லாமல் முத்திரை குத்திப் பழகியவன். எங்கள் இருவருக்கும் பொருத்தம் பார்த்திருந்தால் ஒன்றுகூடத் தேறியிருக்காது.

ஆனால் அக்கா தங்கை இருவரும் பிரிந்து இருக்க மாட்டோம் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். செமோரில், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இரண்டு வீடுகளை வாங்கவைத்தார்கள். வாசல்கள் வெவ்வேறு சாலையில். இரண்டு கொல்லைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு கம்பி வேலி.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

என் மூத்த மகளின் திருமண அழைப்பிதழ். அச்சுக்குப் போகும் முன் நாள், நேரம், மண்டபம் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். உறவினர் பெயர் வரிசையை மட்டும் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தேன். சரோஜா குடும்பத்துக்கே மூத்த மாப்பிள்ளையான அண்ணனின் பெயர், நேற்று வந்த ஒன்றுவிட்ட தங்கை மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பிறர் முகவரியைப் பார்த்து வயிறு வளர்த்தவன், சொந்த வீட்டுப் பெயரைக் கோட்டை விட்டேன். அண்ணன் மண்டபத்துக்கு வந்தார். அட்சதை போட்டார். பெண்ணின் தலையில் கை வைத்து வாழ்த்தினார். பந்தியில் உட்காராமல் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் சாப்பிடாமல் போவது, திட்டிவிட்டுப் போவதைவிடப் பெரிது. மறுநாளே நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா?" என்று சரோஜாவிடம் சொன்னேன். அது அப்படியே அங்கே போய்ச் சேர்ந்தது. முடிந்தது கதை.

நான்கு ஆண்டுகள் பேச்சில்லை. சகோதரிகள் மட்டும் வேலியோரம் நின்று பேசிக்கொள்வார்கள். நாங்கள் ஒருவர் தலையை ஒருவர் கண்டதும் ஆளுக்கொரு பக்கம் நழுவுவோம். பெருநாட்களில் ஒரே வீட்டில் சமைத்த பலகாரத்தை இரண்டு வீட்டில் தனித்தனியே தின்றோம். இந்த மௌனத்தில் வாடியவர்கள் அந்த இரு பெண்கள்தான்.

அண்ணன் ஓய்வு பெற்றதும் கொல்லையில் வெள்ளரி போட்டார். முதல் தடவை கொடியைத் தரையில் படரவிட்டார். நம் ஊர் பிற்பகல் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மண்ணில் கிடந்த பக்கம் மஞ்சளாகி அழுகியது. மிச்சத்தை நத்தை ருசி பார்த்தது. கிடைத்த நாலைந்து காயும் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன. நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்து உள்ளுக்குள் மகிழ்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த தடவை மனிதர் ஆயத்தமாக வந்தார். பாரிட் புந்தாரில் இருந்த பழைய நண்பர் ஒருவர் மூலம் கிழிந்த மீன்வலை கொண்டுவந்தார். மூங்கில் கழிகளை நட்டு வலையைக் கட்டினார். காலை வெயில் நன்றாக விழுவது வேலியோரம் என்பதால் பந்தலை அங்கேயே நிறுத்தினார். செடிக்குச் செடி தகரத் துண்டில் எண் எழுதிச் செருகினார். மொத்தம் பன்னிரண்டு. தினமும் விடிந்ததும் பெரட்டு எடுப்பார். தோட்டத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான்.

"மூணாம் நம்பர், நிமிந்து நில்லு! ஆறு, இன்னைக்கும் லீவா? அப்படியே போனா பேர வெட்டிருவேன்லா!"

கொடிகள் வளர்ந்தன. வலையில் ஏறியவை, வேலிக்கம்பியையும் பற்றிக்கொண்டு என் பக்கம் தலை நீட்டின. காய்கள் என் பக்கம் தொங்கின. அவர் கைக்கு எட்டாது. எனக்கு எட்டும், ஆனால் தொட மாட்டேன். காய்கள் தொங்கியபடியே பழுத்து மஞ்சளாகின. ஒரு காலை அண்ணன் கொடியைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஏய் நாலாம் நம்பர், பழத்த வயித்துல வச்சிக்கிட்டு நின்னா அடுத்த பிஞ்சு எப்படி வரும்? அந்தப் பக்கம் இருக்கவங்களுக்குக் கை இல்லையா?"

எனக்குச் சுர்ரென்றது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சரோஜாவிடம், "அடுத்தவங்க பொருள நாம தொடுறதில்லன்னு சொல்லு," என்றேன்.

"தபாலாபீசுல வேல பாத்தது நீங்க. நான் ஏன் கடுதாசி கொண்டு போகணும்?" என்றாள் அவள்.

வேலிக்கு அப்பால் ஒரு செருமல். பிறகு கொடியிடம், "தொடலாம்னு சொல்லு, நாலாம் நம்பர்."

அன்று பறித்தேன். அன்று தொடங்கியது எங்கள் சாடைப் பேச்சு. நேராக ஒரு வார்த்தை கிடையாது. அவர் கொடியிடம் பேசுவார், நான் சரோஜாவிடம் பேசுவேன். இரண்டு பேரும் மற்றவருக்குக் கேட்கும்படிதான் பேசுவோம்.

பறிக்கப் பறிக்க எனக்கும் ஆசை வந்தது. என் பக்கத்தில் நான்கு விதை போட்டேன். கெட்டியாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களை வாங்கிப் பந்தல் நிறுத்தினேன். பார்க்க வெள்ளையாக, அரசாங்க அலுவலகம் மாதிரி இருந்தது. ஆனால் கொடியின் பற்றுச்சுருள் அந்த வழுவழுப்பில் பிடிக்க முடியாமல் சறுக்கி விழுந்தது. மறுநாள் பெரட்டில் அறிவிப்பு வந்தது.

"சில பேரு கொடிக்குப் பைப்பு வச்சிருக்காங்க. கொடி என்ன குளிக்கவா போகுது? அதுக்குச் சுண்டுவிரல விட மெல்லிசா ஒரு கயிறு போதும்!"

அவர் வீட்டு அடுப்படியில் கமலா அக்கா சிரித்தது கேட்டது. என் வீட்டு அடுப்படியிலும் சிரிப்புச் சத்தம். நான் விறைப்பாக உள்ளே போய், பத்து நிமிடம் கழித்துப் பாசார் கடைத்தெருவுக்குப் போய்க் கயிறு வாங்கிவந்தேன்.

அதன் பிறகு அவர் கொடிகளுக்குச் சொன்னதையெல்லாம் என் கொடிகளுக்குச் செய்தேன். தண்டைக் கட்டப் பழைய கைலியைக் கிழித்த துணிதான் நல்லது, முடிச்சில் ஒரு விரல் நுழைய வேண்டும், இறுக்கினால் தண்டு அறுந்துபோகும். முழங்கால் உயரம் வரை பக்கக் கிளையும் பூவும் வைக்கக் கூடாது, கிள்ளிவிட வேண்டும். பூவைக் கிள்ள எனக்கு மனம் வரவில்லை. "பாவம் பாத்தா பந்தல் ஏறாது!" என்று ஆறாம் நம்பருக்கு ஓர் அதட்டல் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினேன். மூன்றே வாரத்தில் என் பந்தலில் நேர்நேராக, பச்சைப் பசேலென்று காய்கள் தொங்கின.

ஒரு காலை பெரட்டு பன்னிரண்டோடு நிற்கவில்லை. "பன்னெண்டு... பதிமூணு... பதினாலு... பதினஞ்சு... பதினாறு!" காப்பிக் குவளையோடு நின்றிருந்த நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் நான்கு செடிகளையும் அவர் கணக்கில் சேர்த்துவிட்டார். அண்ணன் பெயரை நான் வரிசையில் கீழே தள்ளினேன். அவர் என் செடிகளைக்கூடத் தம் வரிசையில் சேர்க்காமல் விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே ஒரு பிற்பகல் பேய்க்காற்றோடு மழை பிடித்தது. வேலியோடு சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு பந்தல்களும் சாய்ந்தன. நான் ஓடிப்போய் என் பக்கக் குழாயைப் பிடித்தேன். எதிரில் அண்ணன், தலையில் துண்டோடு, தம் பக்கக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரில் ஒருவர் விட்டாலும் எல்லாம் போயிற்று. சாடை பேச அங்கே நேரமில்லை.

"சகலை! விடாதீங்க! உங்க பக்கம் இழுங்க!"

"இழுக்குறேண்ணே!"

நான்கு ஆண்டுக்குப் பிறகு நேராகப் பேசியது அதுதான். மழையில் நனைந்துகொண்டே சொல்லிவிட்டேன். "அண்ணே, கார்டுல நான் பண்ணது தப்பு. மன்னிச்சிருங்க."

"மொதல்ல கயித்தக் கட்டுங்க. தப்பெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

கட்டினோம். மழை விட்டதும் துண்டைப் பிழிந்தபடி சொன்னார். "சாப்பிடாம போனதுல எனக்குத்தான் நஷ்டம், சகலை. அன்னைக்குப் பந்தியில பால்பாயாசமாம். கமலா இன்னும் சொல்லிக் காட்டுறா."

சரோஜா அன்று மாலையே பால்பாயாசம் வைத்தாள். அண்ணன் சாலையைச் சுற்றிக்கொண்டு, நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக என் வாசல்படி ஏறினார். மூன்று கிண்ணம் குடித்தார். சகோதரிகள் இருவரும் பரிமாறுகிற சாக்கில் அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு வந்த ஆண்டுகள் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். இரண்டு வீட்டிலும் தின்று தீராத காயை, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அம்மாவுக்கும் தெருக்கோடிச் சீனர் வீட்டுக்கும் கொடுத்தோம். என் இளைய மகளின் அழைப்பிதழை அச்சுக்குப் போகும் முன் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார். "என் பேரு ரொம்ப மேல இருக்கு, சகலை. கழுத்து வலிக்குது," என்றார்.

இந்த ஆண்டு இதயம் தளர்ந்தது. மருத்துவமனையில் பார்க்கப் போனால், மூச்சு வாங்கியபடி காய் எத்தனை என்றுதான் கேட்பார். கடைசியாகப் பார்த்த அன்று வேறொன்று சொன்னார்.

"கமலாவுக்கு முட்டி வலி. உங்க வீட்டுக்குச் சுத்தி வரக் கஷ்டம், சூசாவா இருக்கு. வேலிய வெட்டி ஒரு வழி விடுங்க."

"கொடி காய்ச்சிக்கிட்டு இருக்கேண்ணே. காய்ப்பு முடியட்டும், வெட்டிருவோம்."

"கொடிய அவுத்து மேல ஒரு கழியில போடுங்க, சகலை. அது ஏறிக்கும். மனுசங்கதான் நடக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். செய்யவில்லை. இன்னும் ஒரு வாரம் காய் பறிக்கலாமே என்ற அற்ப ஆசை. அந்த வாரம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை, கம்பி வெட்டும் குறடோடு கொல்லையில் இறங்கினேன். துணி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். தண்டு ஒடியாமல் கொடிகளைத் தூக்கி, குறுக்கே கட்டிய மூங்கில்மேல் போட்டேன். பிறகு கம்பியை ஓர் ஆள் அகலத்துக்கு வெட்டி விலக்கினேன். அந்தப் பக்கம் கமலா அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு நாளாக வீட்டைவிட்டு வெளியே வராதவர்.

"வாங்கக்கா," என்றேன்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி, இன்னோர் அடி வைத்தார். நடுவில் வரும்போது மேலேயிருந்து தொங்கிய காய் ஒன்று அவர் நெற்றியில் இடித்தது. அக்கா நின்றார். அடுத்த கணம் அவர் சிரித்துவிட்டார்.

"போயும் இந்த மனுசன் என்ன விட மாட்டாருலா!"

அந்தக் காயைப் பறித்து முந்தானையில் துடைத்தார். நேராக எங்கள் அடுப்படிக்குள் போய், "சரோஜா, கத்தி எங்கடி?" என்று கேட்டார்.

வழி விட்டுவிட்டேன், அண்ணே. கொஞ்சம் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். அக்கா இங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.