மலையிலிருந்து கடல் வரை ஒரு சண்டை

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்தே பாதி ஆயுளைக் கழித்தவள். வாயும் ஓயாது. வீட்டில் கணவர் வெங்காயம் நறுக்கினால்கூட, "மெதுவா, மெதுவா, எதிர்ல பாருங்க" என்பாள்.

முட்டி வலி என்று டாக்டரிடம் போனாள். "நடங்க" என்றார் அவர். தெருவைச் சுற்றி நடக்க ஆரம்பித்தவளுக்கு நடைப் பித்து தலைக்கேறிவிட்டது. குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையில் தொடங்கிக் கடற்கரையில் முடியும் பாதை முழுவதையும் நடக்கப் போவதாக அறிவித்தாள்.

"மாடி ஏறவே லிஃப்டைத் தேடுறவ" என்று கணவர் சிரித்தார்.

"நானும் வரேன்கா" என்றாள் ஓரகத்தி.

சிரிப்பு நின்றது. ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து மூத்த மருமகளான பிரேக் அக்காவோடு "சாப்டீங்களா", "ஆச்சு" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. மாமியார் கரண்டியைக் கீழே வைத்தாள். "போறது ரெண்டு பேரு. திரும்பி வர்றதும் ரெண்டு பேரா இருக்கணும், சொல்லிட்டேன்."

மலைப்பாதையில் மூத்தவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "வளைவு வருது, பாத்து. கல்லு இருக்கு, காலைத் தூக்கி வை." சின்னவள் கைவீசிக்கொண்டு முன்னால் போனாள். மூத்தவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. நாளுக்கு நாள் முதுகுப்பை கனத்துக்கொண்டே போனது. வயசாகிவிட்டது, வேறென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

குதிகாலில் கொப்புளம் வெடித்த அன்று, மாற்று சாக்ஸுக்காகப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். முடி உலர்த்தும் மெஷின், பெரிய ஷாம்பு பாட்டில், தலையணை கனத்தில் ஒரு நாவல் என்று வரிசையாக வந்து விழுந்தன.

"இதெல்லாம் யாரோடது?"

"உங்க பைல இருந்தா உங்களோடதுதான்கா." சின்னவள் முகத்தில் சலனமே இல்லை. பிறகு, "வீட்ல விசேஷம்னா நீங்க வேலை சொல்லுவீங்க, நான் சுமப்பேன். இங்கயாவது மாறட்டுமேன்னு பாத்தேன்" என்றாள்.

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. திட்டத்தான் வாயைத் திறந்தாள், வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்துக் கடைக்காரியின் கைப்பக்குவத்தோடு கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டாள்.

மறுநாள் சின்னவளின் பையில் ஒரு தட்டைக் கல் ஏறியது. மத்தியானம் அதைக் கண்டுபிடித்தவள், எடுத்து மூத்தவளின் மடியில் வைத்தாள்.

அதன்பின் நடை வேறாகிவிட்டது. மழையில் நனைந்தார்கள், வழி தவறினார்கள், சேர்ந்தே தேடினார்கள். ஒரு நாள் பொழுது சாயும்போதுதான், காலையிலிருந்து யாருக்கும் ஒரு உத்தரவும் போடவில்லை என்பது மூத்தவளுக்கு உறைத்தது. தோள் வலித்தது, கால் வலித்தது. மனசு மட்டும் துவைத்துக் காயப்போட்ட துணியாக லேசாக இருந்தது.

கடல் கண்ணில் பட்டதும் இருவருக்கும் முகம் வாடிவிட்டது. அதற்குள் முடிந்துவிட்டதே! அந்த நேரம் பார்த்துக் கணவர் போன் செய்தார். "என்ன, சண்டை கிண்டை ஒண்ணும் இல்லையே?"

மூத்தவள் சின்னவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். "பேச்சே இல்லைங்க. முகத்தைத் திருப்பிட்டு உக்காந்திருக்கா."

சின்னவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

அங்கே மாமியார் போனைப் பிடுங்கினாள். "இப்படியே வீட்டுக்கு வந்துடாதீங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள் நடந்து, மனசுவிட்டுப் பேசி, சமாதானமா வாங்க."

"நீங்க சொன்னா சரி அத்தை" என்று பெருமூச்சு விட்டாள் மூத்தவள். போனை அணைத்ததும் இருவரும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு அலைக்குள் ஓடினார்கள்.

கடற்கரையோரமாகவே நடந்து, கருத்துப்போய் வீடு வந்தபோது, இருவரும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை வீட்டில் அவர்களுக்குள் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. வருஷா வருஷம் மாமியாரே இருவரையும் கெஞ்சிக் கூத்தாடி மலைக்கு அனுப்பிவைக்கிறாள்.