ஏழாவது கட்டில்

விரல் நீளத்தில் ஒரு வெள்ளை காஸ் துணி. அது கட்டில் கம்பியில் கட்டியிருந்தால், அந்த நோயாளியை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்போம். கட்டாதவருக்குக் காலையில் ஒரு முறை, அவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில், பூந்தமல்லிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டில் நான் புது நர்ஸ். இந்த ஏற்பாடு எங்கள் பெரிய சிஸ்டருடையது. கல்நெஞ்சக்காரி என்று அவர் முதுகுக்குப் பின்னால் நானே சொல்லியிருக்கிறேன். அசைய முடியாதவர்கள் பதினொரு பேர். நாங்கள் இரண்டே பேர். “ஆறு பேர ஒழுங்கா பாக்கலாம். எல்லாரையும் பாக்கறேன்னு கெளம்பினா எல்லாருக்கும் முதுகு புண்ணாகும்” என்பார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

துணி எதற்கென்று யாரிடமும் சொல்லக்கூடாது. கரையான்சாவடியிலிருந்து மாலை தோறும் ஒரு மணி நேரம் வந்துபோகும் ஒரு பெண், தர்காவில் வேண்டிக்கொண்டு கட்டுவார்களே, அப்படியென்று நினைத்துவிட்டாள். ஏழாவது கட்டிலில் பக்கவாதத்தில் கிடந்த அவள் கணவருக்குத் துணி இல்லை. ஒருநாள் தன் முந்தானை நுனியைக் கிழித்து அவர் கட்டிலில் கட்டியிருந்தாள். “துணி கட்னவங்கல்லாம் தேறிகினு வராங்கம்மா. அதான் இவருக்கும் கட்டிட்டேன்” என்றாள். அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் பெரிய சிஸ்டர் அந்தக் கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இருந்துட்டுப் போவுது. அப்ப ஆறுல ஒண்ண நீயே அவுத்துடு.” திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஆறு பேரில், ஆவடியில் லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் இருந்தார். பார்க்க யாரும் வராதவர். ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று இத்தனை வருடங்களில் என்னென்னவோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என்னோடு சண்டைக்கு வர அவருக்கு ஆளில்லை, அதுதான் உண்மை. போர்வையைச் சரிசெய்வது போல நின்று முடிச்சை அவிழ்த்தேன். அவருக்குத் துணியின் அர்த்தம் எப்போதோ தெரிந்திருந்தது.

“அவுத்துக்கமா. அந்தாளுக்குப் பொஞ்சாதி கீது. எனக்கு யாரு கீறாங்க?” என்றார்.

அந்த மாதத்துக்குள் இருவருமே போய்விட்டார்கள். பக்கவாதக்காரர் இரண்டாவது தாக்குதலில் போனார். முதுகு கடைசிவரை சுத்தமாக இருந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நன்றி சொன்னாள்.

மற்றவர் புண் சீழ் பிடித்துப் போனார். இன்று வார்டுகளில் காற்று மெத்தை வந்துவிட்டது. ஆள் மட்டும் இன்னும் போதவில்லை என்கிறார்கள். அந்த மூட்டை தூக்கும் ஆள் என்னிடம் ஒரே ஒருநாள்தான் கேட்டார். “சிஸ்டர், இன்னிக்கு மட்டும் ஒரு தபா புரட்டி வுடு.”

“இதோ வரேன்” என்றேன். ஏழாவது கட்டிலுக்குப் போனேன். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டேன்.