சேர்வரில் இருந்த சென்னை நேரம்

நான் வேலை செய்யும் தேயிலைத் தோட்டக் கந்தோரின் மின்னஞ்சல் சேர்வரை இன்று மாற்றினார்கள். எந்த நேரத்தைப் போடுவது என்று பார்க்க, கணினி திருத்தும் மோகன் பழையதைத் திறந்தார்.

“யாரோ சென்னை நேரத்தப் போட்டு வச்சிருக்காங்க, ஐயா. ஊர்ப் பாசம் போல!” என்று சிரித்தார். “போன வருசம், 2006ல, நம்ம இலங்கை நேரத்த அரைமணித்தியாலம் பின்னுக்கு மாத்தி இந்திய நேரத்தோட ஒண்ணாக்குனதாலதான் இப்ப சரியாக் காட்டுது. அதுக்கு முந்தி அரைமணித்தியாலம் கொறச்சுதான் காட்டியிருக்கும்.”

“அப்ப, அதுக்கு முந்தி நாலே முக்காலுக்கு அனுப்புனதாக் காட்டுற கடிதம்?” என்று கேட்டேன்.

“அஞ்சேகாலுக்குத்தான் போயிருக்குமுங்க.”

மூன்று வருடங்களுக்கு முன், எனக்குப் பிடிக்காத கல்யாணம் செய்த மகள், வீட்டுக்கு வரலாமா என்று கொழும்பு அலுவலகத்திலிருந்து எழுதினாள். இரண்டு பேரும் வாருங்கள் என்று இந்தக் கந்தோரிலிருந்துதான் பதில் அனுப்பினேன். அன்று மாலை வேலை முடிந்து போகும்போது பஸ் மோதி இறந்துவிட்டாள். பதிலைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினாள் என்று இன்றுவரை நம்பியிருந்தேன்.

அவள் அலுவலகம் ஐந்து மணிக்கு முடியும். கொழும்பில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள், சில நாட்களில் கொஞ்சம் பிந்தியும் கிளம்புவீர்கள்தானே?